பெர்மிட், சேர்விடாப்பு, ஜாம் போத்தல் விளக்கு: விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலை அருங்காட்சியகம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவை நெருங்கும் இடத்தில் உள்ளே பிரிகிற கிரவல் பாதையில் ஒரு பாடசாலை இருக்கிறது. அதன் பழைய வகுப்பறை ஒன்றை ஊர் வரலாற்று அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். பாடநேரத்தில் ஆட்கள் திரண்டுவிடக் கூடாது என்று அதிபர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. சந்தியில் விசாரித்தால் கடைக்காரர்களே வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது. வன்னிக்கு வருகிறவர்கள் முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, இரணைமடுக் குளக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கட்டாயம் ஒரு மணித்தியாலத்தை இந்த அறைக்கு ஒதுக்க வேண்டும்.

நான் காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். என் கண் முதலில் கடதாசியில்தான் விழும். ஆகவே இங்கேயும் கடதாசிகளைப் பற்றியே கூடுதலாக எழுதப்போகிறேன்.

வாசலுக்கு நேரே, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் படம். பக்கத்தில், கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதிச் சண்டையைக் குறித்து ஆங்கிலேயர் காலத்தில் நாட்டிய கல்லின் புகைப்படம். அதன் கீழே கலப்பை, நுகம், உரல், உலக்கை, திருகை, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி. எல்லாப் பாடசாலைகளிலும் ஒளிவிழாவுக்கும் வாணிவிழாவுக்கும் இப்படி ஒரு மேசை போடுகிறார்கள். இங்கே இருப்பதும் அதேதான், கொஞ்சம் கூடத் தூசி. நான் இந்த இடத்தில் அதிகம் நிற்கவில்லை. ஒரு பால்பேணி மட்டும் பிடித்திருந்தது. விளிம்பைத் தட்டி மழுக்கி, அரிசி அளக்கும் சுண்டாக ஒரு வீட்டில் தலைமுறை தாண்டிப் புழங்கிய பேணி. அதன் கீழே “பழைய பாத்திரம்” என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பேணி, எந்த ஊர், எத்தனையாம் ஆண்டுவரை அளந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு ஒரு கொப்பி போதும். இதை இந்த வருடமே செய்ய வேண்டும்.

அறையின் மறுபக்கம், போரின்போது பல பொருள்களை வன்னிக்குள் வரவிடாமல் அரசாங்கம் மறித்த பொருளாதாரத் தடைக் காலத்தின் பொருள்கள். இங்கேதான் பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள். தலைகீழாக நிறுத்திய ஒரு சைக்கிள், அதன் டைனமோவிலிருந்து இழுத்த வயர், மேசையில் ஒரு சின்ன ரேடியோ. பெடலைக் கையால் சுற்றினால் ரேடியோ பேசுகிறது. மெதுவாகச் சுற்றினால் குரல் கம்முகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில் செய்தி நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிச் சுற்றியது. டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம், ஆகவே நடுவில் இருவாயி வைத்திருக்கிறோம் என்று எட்டாம் தரத்துப் பையன் ஒருவன் எனக்கு விளக்கினான். விஞ்ஞான ஆசிரியர் இதைப் பாடத்தோடு இணைத்திருக்கிறார். மிக நல்ல வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் தொட விட்டதற்காகவே இந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

அதற்கு அடுத்தாற்போல் ஜாம் போத்தல் விளக்கு. அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். போத்தலின் அடியில் ஒரு பிடி பஞ்சு. அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்கட்டைக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியால் போத்தலின் வாயில் மாட்டி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்று அணைக்காது. எண்ணெய் கொட்டாது. சாதாரணக் குப்பி விளக்கு குடிக்கும் எண்ணெயில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். 1990 ஜூனில் மின்சாரம் நின்றபின், மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் பெருவிலை கொடுத்து வாங்கிய வருடங்களில், இந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் சாதாரண தரமும் உயர்தரமும் படித்தார்கள். போத்தலின் உட்சுவரில் ஒருபக்கம் மட்டும் கரி அப்பியிருக்கிறது. மறுபக்கம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி தேய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் புத்தகம் இருந்த பக்கம். கழுவாமல் அப்படியே வைத்த ஆசிரியருக்கு என் நன்றி.

இனிக் கடதாசிகள். இந்த அருங்காட்சியகத்தின் உயிர், பாடசாலையில் சேரும் பிள்ளைகளைப் பதியும் சேர்விடாப்புத்தான். உரப்பைக்குள் சுற்றி, இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அப்போதைய அதிபர் தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பியது என்று சொன்னார்கள். பெரிய இடாப்பு. முதுகு உடைந்து வெள்ளைத் துணியால் ஒட்டியிருக்கிறது. பெயர், பிறந்த திகதி, பெற்றோர், முன்னர் கற்ற பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள். “முன்னர் கற்ற பாடசாலை” என்ற நிரலை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போங்கள். 1995 நடுப்பகுதிவரை பெரும்பாலும் வெற்றிடம். இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலாம் தரத்தில் சேர்ந்தவர்கள். அந்த வருடம் ஒக்டோபர் 30இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. அதற்குப் பிந்திய பக்கங்களில் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மானிப்பாய் என்று வரிசையாக வருகிறது. கிளாலிக் கடலைக் கடந்து வந்த பிள்ளைகள். 1996இல் கிளிநொச்சிச் சண்டை தொடங்கியபின் பரந்தன், கனகபுரம், திருவையாறு. எழுதியவரின் கையெழுத்து மாறவே இல்லை, மை மாறுகிறது. நீல மை, பிறகு கறுப்பு, பிறகு பென்சில், பிறகு மறுபடியும் நீலம். வரிகள் போதாமல் ஒரு வரிக்குள் இரண்டு பெயர்கள் நெருக்கி எழுதிய பக்கங்களும் இருக்கின்றன.

அந்த நாள்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் பிற்பகலில் இன்னொரு பாடசாலையும் நடந்தன. இடம் போதாமல் மரத்தடியிலும் வகுப்பு வைத்தார்கள். இதைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். ஆனால் இந்த இடாப்பு பேச்சைவிட உறுதியான சாட்சி. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலைகளின் பெயர்கள் வருகின்றன. 2008இன் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. மீளக்குடியமர்ந்தபின் புதிய இடாப்பு தொடங்கியிருக்கிறார்கள். பழைய இடாப்பின் எஞ்சிய வெற்றுத் தாள்களை அப்படியே விட்டிருப்பது சரியான முடிவு.

இடாப்புக்கு அருகே கண்ணாடியின் கீழ் ஒரு மஞ்சள் சொப்பிங் பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, நிவாரண அட்டை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பை, மூன்றுக்கும் முடிச்சு. ஒரு தாய் 2009இல் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து, செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழ் தலைமாட்டில் வைத்திருந்தது. வன்னியில் இப்படி ஒரு பை இல்லாத வீடு அந்த நாளில் இல்லை. அதை அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளாக ஒரு பாடசாலை கண்டுகொண்டதே எனக்குப் பெரிய விடயம். நடமாடும் சேவைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்த முடிச்சுகள் அவிழ்வதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துப் பேரேடுகள் பல இடப்பெயர்வுகளில் காணாமல் போயின. சனங்கள் காத்துக்கொண்டு வந்த கடதாசியைப் பார்த்துத்தான் அரசாங்கம் தன் பதிவுகளை மறுபடி எழுதிக்கொண்டது.

கிழக்குச் சுவரில் காணிப் பெர்மிட்டுகள், அதாவது அரசாங்கக் காணியில் குடியிருந்து பயிர்செய்யக் கொடுக்கும் அனுமதிப் பத்திரங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. ஒன்று இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேறிய ஒரு கமக்காரருடையது. வயலும் மேட்டுக்காணியும் ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணியைப் பெறுபவர், என்ற இடத்தில் மகளின் பெயர். இதன் கனம் எல்லாருக்கும் விளங்காது. பின்னுரித்தாளரைக் குறிக்காமல் ஒருவர் இறந்தால், மனைவி உயிரோடு இருக்கும்வரை காணியை ஆளலாம். அதன்பின் அது பிரிக்கப்படாமல் ஒருவருக்கே போகும், அதிலும் ஆண்பிள்ளைக்கே முதலிடம். 2022இல் சட்டத்தைத் திருத்தும்வரை அதுதான் நிலை. இந்த மனிதருக்கு எழுத வராது. ஆனால் மகளின் பெயரைச் சொல்லி எழுதுவித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். பெருவிரல் ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆண்பிள்ளைகளும் இருந்தார்களாம். அவர்களில் ஒருவரே பெர்மிட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

இன்னொன்று, படித்த இளைஞர்களுக்குக் கமம் செய்யக் காணி கொடுத்த விசுவமடுப் படித்த வாலிபர் திட்டத்துப் பெர்மிட். அதோடு அந்த வாலிபர் எழுதிய கணக்குக் கொப்பியும் இருக்கிறது. எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் அரசாங்கம் மறித்தபோது வன்னி மிளகாய்க்கு வந்த மவுசு அதில் வரிவரியாகத் தெரிகிறது. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் கொப்பியின் பக்கங்கள் மெலிகின்றன.

இந்தச் சுவரில் எனக்குக் கடும் ஆட்சேபம் இரண்டு உண்டு. முதலாவது, பெர்மிட்டுகளை லமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிட்டது. இனி அதைப் பிரிக்க முடியாது. கைநாட்டையோ முத்திரையையோ நாளை ஒருவர் பரிசோதிக்கவும் முடியாது. போதாததற்கு மாலை வெயில் நேரே விழும் சுவர். மை ஏற்கெனவே பழுப்பாகிவிட்டது. இரண்டாவது, பெர்மிட் இலக்கம், காணித் துண்டின் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் முழுமையாகத் தெரிகின்றன. காணிப் பிணக்குத் தீராத மாவட்டத்தில் இதைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. பொறுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அப்போதே மாணவிகளைக் கூப்பிட்டு இலக்கங்களின்மேல் கடதாசிக் கீற்று ஒட்டுவித்தார். எஞ்சியிருக்கும் மூலப் பத்திரங்களை உறையிலிட்டு, கறையான் எட்டாத இரும்பு அலுமாரியில் வைத்து, பிரதிகளை மட்டும் சுவரில் மாட்டுவதாகவும் சொன்னார். அதைச் செய்தாரா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்த அறையில் பெர்மிட் உள்ளவர்களின் வரலாறு இருக்கிறது. பெர்மிட் இல்லாதவர்களின் வரலாறு இல்லை. 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிய சனங்கள் வன்னியெங்கும் இருக்கிறார்கள். பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களை அவர்களே உண்டாக்கினார்கள். மற்றவர்களின் வயலில் கூலிக்கு நாற்று நட்டார்கள், மிளகாய் ஆய்ந்தார்கள். மேலே சொன்ன கணக்குக் கொப்பியில் “ஆள் கூலி” என்று வரும் வரிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவர்கள்தான். பலருக்குக் காணி கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் வெகுகாலம் கடதாசி கிடைக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. என் மேசைக்கு முன்னால் வந்து, காட்டுவதற்கு ஒரு துண்டும் இல்லாமல் நின்ற முகங்கள் எனக்கு மறக்காது.

எனக்குச் சுற்றிக் காட்டிய பத்தாம் தரத்து மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அம்மா, என் அம்மம்மா இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் கலப்பை ஒன்றும் இருக்கவில்லை. அதனால் நான் ஒன்றும் கொண்டுவரவில்லை” என்றாள்.

“பிரஜாவுரிமைக் கடதாசி இருக்கிறதா, பிள்ளை?”

“இருக்கிறது. அம்மம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறா.”

பொறுப்பாசிரியை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிரதி ஒன்றையும் அம்மம்மாவின் வாய்மொழியையும் வாங்கிவர அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கடதாசியோடு நின்றுவிடக் கூடாது. கொழுந்துக் கூடை, தோட்டத்துச் சம்பளத் துண்டு, கூலிக்கு அரிவி வெட்டிய கத்தி என்று ஒரு முழு மேசை அவர்களுக்கு வேண்டும். இடம் இல்லையென்றால் உரல்களில் சிலவற்றை வெளியே எடுத்துவிடலாம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பாடசாலை நாள்களில் பிற்பகல் ஒன்றரைக்குப் பிறகுதான் திறப்பார்கள். முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு செல்லும் எந்த பஸ்ஸும் இந்த வழியே வரும். மாரியில் கிரவல் பாதை சேறாகிவிடும். விறாந்தைக்கு ஏறப் படிகள் மட்டுமே இருக்கின்றன, சாய்வுப் பாதை இல்லை. சக்கர நாற்காலியில் வாழும் எத்தனையோ பேர் இருக்கும் மாவட்டத்தில், அவர்களுடைய வாழ்க்கையையும் சொல்லும் ஓர் அறைக்குள் அவர்கள் நுழைய முடியாமல் இருப்பதை உடனே திருத்த வேண்டும். இரண்டு மூட்டை சீமெந்து வேலை. பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் பொறுப்பெடுங்கள்.

பணமாக நன்கொடை வாங்குவதில்லை. பொருளும் பத்திரமும் வாங்குகிறார்கள். பொருள் கொடுத்தால் அது யாருடையது, எந்த ஊரில் எப்போது புழங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பத்திரம் என்றால் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். காணி அலுவலுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.