முகர்பவரைத் தண்டிப்பதா, விற்பவரைத் தண்டிப்பதா?

பசை, பெயிண்டைக் கரைக்கும் தின்னர், லைட்டர் எரிவாயு ஆகியவற்றின் ஆவியைப் போதைக்காக முகர்வதைத் தடுக்க, பிரிட்டனும் சிங்கப்பூரும் இரண்டே ஆண்டு இடைவெளியில் எதிரெதிர் வழிகளைத் தேர்ந்தன. போதைக்காக முகரப்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ 18 வயதுக்குட்பட்டவருக்கு அப்பொருளை விற்பதைப் பிரிட்டனின் 1985 சட்டம் குற்றமாக்கியது. முகர்ந்தவரை அது தொடவில்லை. சிங்கப்பூரின் 1987 சட்டமோ விற்பவரோடு நிற்காமல், முகர்வதையே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியது.

லைட்டரில் இருக்கும் பியூட்டேன் வாயு முதல் முறையிலேயே இதயத்துடிப்பை நிறுத்திவிடக்கூடியது என்பதால், உடனே தடுக்க வேண்டும் என்ற சிங்கப்பூரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நண்பன் மயங்கி விழும்போது, தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கும் சிறுவனை நினைத்தால், 1985இன் வழியே மேலானது என்பேன்.

முகர உதவும் கருவிகளைத் தடை செய்வது இன்னும் கடினம்: பசை முகரத் தேவைப்படுவது ஒரு பிளாஸ்டிக் பை மட்டுமே. சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொண்டால், கிரீம் நுரைக்கப் பயன்படும் விரலளவு உலோகக் குப்பியும் ஒரு பலூனும் போதும். பிரிட்டன் 2023 நவம்பரில் அந்த வாயுவைப் போதைக்காக வைத்திருப்பதையே குற்றமாக்கியபோது, சமையலுக்கும் மருத்துவத்துக்கும் விலக்கு அளித்தது. ஆகவே குப்பி எதற்காகக் கையில் இருக்கிறது என்பதே அங்கு வழக்கைத் தீர்மானிக்கிறது.