பட்டாவுக்கு வரும் பணம்: பி.எம். கிசான் உதவித்தொகை பற்றி ஒரு பயனாளி வீட்டிலிருந்து

திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்கு இருப்பது இரண்டே முக்கால் ஏக்கர் நஞ்சை. பட்டா அப்பா பெயரில் இருப்பதால், விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக அவருடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. யார் கையையும் எதிர்பார்க்காமல், எந்த மேசைக்கு முன்னும் நிற்காமல் முழுத்தொகையும் வந்து சேர்வது, விவசாயிகளுக்கான உதவிகளில் நாங்கள் அதிகம் கண்டிராத ஒன்று. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

தொகைதான் தொடங்கிய நாளிலிருந்து உயரவே இல்லை. ஒரு தவணையான 2,000 ரூபாயில், அரசு விலைக்கே கிடைத்தால், 1,350 ரூபாய்க்கு ஒரு டி.ஏ.பி. உர மூட்டையும் 266 ரூபாய் 50 காசு வீதம் இரண்டு யூரியா மூட்டைகளும் வாங்கலாம். கையில் 117 ரூபாய் மிஞ்சும். எங்கள் நிலத்தின் அடியுரத்துக்கே இது போதாது. அந்தப் பணமும் பருவம் பார்த்து வருவதில்லை. 2025-இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, நாற்றுக்கும் நடவுக்கும் நாங்கள் கடன் வாங்கி முடித்த பிறகு, ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கான தவணை ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது.

விவரச் சரிபார்ப்புக்காக அப்பாவை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனபோது, ஐம்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த அவருடைய கைரேகையைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் பயனில்லாமல், மறுநாள் கைப்பேசியில் முகத்தைக் காட்டித்தான் முடித்தோம். அது சிறு சிரமம், தீர்ந்துவிட்டது.

தீராதது வேறு. எங்கள் வயலுக்குக் கீழ்மடையில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் பெரியவருக்கு இத்திட்டத்திலிருந்து இதுவரை ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. விதி நில உரிமையாளரை மட்டுமே விவசாயி என்று கொள்கிறது. கோயில் நிலங்களும் மடங்களின் நிலங்களும் நிறைந்த டெல்டாவில், உழுகிறவர்களில் பலர் இந்த ஒரு வரியால் வெளியே நிற்கிறார்கள். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் போலிப் பதிவுகள் பிடிபட்டு, தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் பெற்றிருந்தது தெரியவந்து, அரசு அதைத் திரும்ப வசூலிக்க வேண்டியதாயிற்று. நிலமே இல்லாதவர் கணக்கில் பணம் ஏறிய அதே காலத்தில், சேற்றில் நின்றவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க வழியில்லாமல் இருந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

குத்தகைதாரரை அடையாளம் காண முடியாது என்று சொல்வதும் பொருந்தாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இங்கே 1969-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒடிசா அரசு தன்னுடைய காலியா திட்டத்தில் குத்தகை விவசாயிகளையும் நிலமற்ற தொழிலாளர்களையும் சேர்த்துப் பணம் வழங்கியது. பி.எம். கிசான் பயனாளிப் பட்டியலைப் பட்டாவோடு ஒப்பிடும் அதிகாரிகள் குத்தகைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில், அதாவது சாகுபடிக் கணக்கில், சாகுபடியாளர் பெயரை உள்ளபடி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.