எண்ணெய்த் தோலும் ஒரு சின்னப் பொத்தானும்

எங்கள் ஊரில் தோல் டாக்டரிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வருவார்கள். டார்ச் அடித்தால் மச்சம் தெரியாது, பளபளப்புதான் தெரியும். அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் இந்தப் போலரைஸ்டு டெர்மோஸ்கோப், தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்கு வைத்த கைக்கருவி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். போன் அடாப்டரையும் சேர்த்து 40,000 ரூபாயை நெருங்கியது. எட்டு மாதமாகக் கையை விட்டு இறங்கவில்லை.

விளக்கின் முன்னால் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸின் முன்னால் அதற்குக் குறுக்காக இன்னொன்று. தோலின் மேலே பட்டுத் தெறிக்கும் ஒளி அதிர்வுத் திசை மாறாமல் திரும்புவதால் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். உள்ளே இறங்கிப் பலமுறை சிதறிய ஒளிக்கு அந்த ஒழுங்கு கலைந்திருக்கும். அதில் ஒரு பங்கு தப்பித்துக் கண்ணுக்கு வரும். பொத்தானைத் தட்டியதும் எண்ணெய்ப் பளபளப்பு போய், நிறமி வலையும் ரத்தக்குழாய்களும் எழுந்து நிற்கின்றன. பழைய மாடல்போல ஜெல் வேண்டாம், கண்ணாடியை அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் ரத்தக்குழாய்கள் வெளுத்து மறைந்துவிடும் என்பது பழைய தலைவலி.

போன மாதம் ஒரு பையன். "சூட்டுக் கொப்புளம்னு மெடிக்கல்ல களிம்பு குடுத்தாங்க டாக்டர்" என்றார் அம்மா. விரலிடுக்கில் வைத்துப் பார்த்தேன்: வெள்ளைக் கோடாகப் பூச்சி குடைந்த ஒரு வளை, அதன் நுனியில் பழுப்பாகக் குட்டி முக்கோணம். சொறிப்பூச்சியின் முன்பக்கம் அது. கருத்த தோலில் சட்டென்று பிடிபடாது, பொறுமை வேண்டும். போனில் காட்டியதும், "உசிரோடயா இருக்கு?" என்று கையை இழுத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் மருந்து போடணும் என்பதை அன்று நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சாதா வெளிச்சம் இல்லாத மாடலை வாங்கிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு வரும் மருபோன்ற, ஆபத்தில்லாத செபோரிக் கெரடோசிஸில் வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம்போல் மின்னும். போலரைஸ் செய்தால் மங்கிவிடும். தழும்பிலும் சில கட்டிகளிலும் வரும் வெள்ளை மினுக்குக் கோடுகளோ போலரைஸ் செய்தால்தான் தெரியும். நான் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கிறேன்.

அடாப்டர்தான் மட்டம். காந்தப் பிடி, போன் உறையோடு ஒட்டாது. ஒருநாள் நோயாளியின் மடியிலேயே விழுந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "உறையக் கழட்டிட்டு மாட்டுங்க மேடம்" என்றார்.