படி வைத்த ஃபீலர் கேஜ்: எட்டு வால்வுக்கு வைத்துப் பார்த்த பிறகு

என்ஜின் வால்வுக்கும் அதைத் தட்டும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். அதைத் தகடு விட்டுச் சரிசெய்வதுதான் டேப்பட் வைப்பது. எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தகடு உள்ளே போகணும், ஆனா லேசா பிடிக்கணும்." அந்த "லேசா" எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டுவார்கள். நானும் பதினைந்து வருடமாக அந்த விரலை நம்பித்தான் வண்டி ஓட்டினேன். இந்த முறை என் பழைய காரின் என்ஜினை வீட்டிலேயே முழுசாகப் பிரித்துக் கட்டினேன். விரலுக்கு வேலை வைக்காத கேஜ் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்போதுதான் வாங்கினேன். எட்டு வால்வுக்கும் மூன்று சுற்று வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சாதாரண ஃபீலர் கேஜில், அதாவது இடைவெளி பார்க்கும் தகட்டுக் கொத்தில், ஒரு தகடு முழுக்க ஒரே கனம். இதில் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு கனம். நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு மெலிசு. அதற்குப் பின்னால் ஒரு படி ஏறும், அங்கே 0.05 மி.மீ. கூடுதல். மெல்லிய நுனி இடைவெளிக்குள் தடையில்லாமல் போக வேண்டும், படி முட்டி நிற்க வேண்டும். நுனியே போகவில்லை என்றால் இடைவெளி குறைவு, படியும் சேர்ந்து உள்ளே போனால் அதிகம். கோ, நோ-கோ என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். என்னுடையது நாலு சிலிண்டர் புஷ்ராட் என்ஜின்: கீழே கேம் தண்டு டேப்பட்டைத் தள்ளும், டேப்பட் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், கம்பி மேலே ராக்கரை ஆட்டி வால்வைத் திறக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஆறிய நிலையில் 0.30 மி.மீ. வைக்கச் சொல்கிறது அதன் கையேடு. அதற்கு நான் எடுத்தது 0.28-0.33 என்று பொறித்த தகடு.

வந்ததும் முதல் வேலையாக மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். அளவுக் கருவியை அளக்காமல் நம்பக் கூடாது என்பது சூடுபட்டுக் கற்றது. நுனி 0.28, படி 0.33, இரண்டும் சரி. நான் பயன்படுத்தாத இன்னொரு தகட்டில் படி ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு கூடுதல் கனமாக இருந்தது. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் படியின் விளிம்பைக் கடைந்த பிசிறோடு அப்படியே விட்டிருந்தார்கள். எண்ணெய்க் கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்த பிறகுதான் அதை ராக்கர் பக்கம் கொண்டுபோனேன். எண்களையும் ஆழமாகப் பொறிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு எடுத்தால் 0.28-ஆ 0.23-ஆ என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாத் தகட்டையும் ஒன்றாகப் பிடிக்கும் திருகு ஒரு மணி நேரத்தில் தளர்ந்து, தகடுகள் விசிறி மாதிரி விரிந்துவிட்டன. கடைசியில் வேண்டிய தகட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். நுனி வளைந்த வகையாக வாங்கியது மட்டும் நல்ல முடிவு. கடைசி சிலிண்டர், என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் நெருப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. நேரான தகடு அங்கே போக வேண்டும் என்றால் என் மணிக்கட்டுக்கு இன்னொரு மூட்டு வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் டேப்பட் பார்ப்பதற்கும், புதிதாகக் கட்டிய என்ஜினில் வைப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சீட்டை (வால்வு உட்காரும் வளையம்) வெட்டி, வால்வை அதில் தேய்த்துப் பொருத்திய (லேப்பிங்) பிறகு வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும். அதன் தண்டின் நுனி மேல்பக்கம் அந்த அளவுக்கு உயரும். ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல் மூடி) அடிமுகத்தைச் சீவியிருந்தால் அதுவும் சேரும்: கேம் பிளாக்கில் இருக்கிறது, ஹெட் கீழே இறங்கினால் புஷ்ராட் நீண்ட மாதிரி கணக்கு. ஆக, ராக்கரில் இடைவெளியை மாற்றும் ஸ்குரூவைப் பழைய நிலையிலேயே விட்டு ராக்கர் ஷாஃப்டை இறுக்கினால் இடைவெளி என்பதே இருக்காது, வால்வு மூடாமலே நிற்கும். பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்புண்டு. எட்டு ஸ்குரூவையும் நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் ஷாஃப்டை உட்காரவைத்தேன். இதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) திருப்ப மகள் வந்தாள். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே சுலபமாகத் திரும்புகிறது. எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு, எட்டாவது முழுசாகத் திறந்திருக்கும்போது முதலாவதை வைக்க வேண்டும், ஆறு திறந்தால் மூன்று, ஐந்து திறந்தால் நாலு. திறந்ததும் வைப்பதும் கூட்டினால் ஒன்பது. முதல் பிஸ்டனும் நாலாவதும் ஒன்றாக ஏறி இறங்கும், இரண்டும் மூன்றும் அப்படியே. ஜோடியில் ஒன்று திறந்திருக்கும் நேரத்தில் இன்னொன்றின் டேப்பட் கேமின் மூக்குக்கு நேர் எதிரே, வட்டமான முதுகில் இருக்கும். இரு முனையிலிருந்தும் வால்வு வரிசை ஒரே மாதிரி வரும் நாலு சிலிண்டர் என்ஜினுக்குத்தான் இது. "அப்பா, இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே எழுதி ஒட்டியிருப்பேனே" என்று சொல்லி, ஒரு அட்டையில் எழுதி ரேடியேட்டர் மேல் சாய்த்து வைத்தாள்.

கேஜுக்கு உண்மையான பரீட்சை அவள் வைத்ததுதான். முதல் வால்வை என் பழைய 0.30 தகட்டால் நான் வைத்தேன். அவள் அதே தகட்டை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப இறுக்கமா இருக்குப்பா" என்றாள். சரி, நீயே வை என்று விட்டேன். பிறகு ஹெட்டில் காந்த ஸ்டாண்டை ஒட்டி, ராக்கரின் வால்வுப் பக்க நுனியில் டயல் கேஜின் (நகர்வை எண்ணாகக் காட்டும் கருவி) ஊசியை நிறுத்தி, ராக்கரைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தோம். (என் ஹெட் வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட்டில் காந்தம் ஒட்டாது, ஒரு இரும்புப் பட்டையை போல்ட் போட்டுக்கொள்ள வேண்டும்.) நான் வைத்தது 0.28, அவள் வைத்தது 0.35. ஒரே தகடு, ஒரே வால்வு, இரண்டு கை. அடுத்தது படி வைத்த தகடு: எனக்கு 0.30, அவளுக்கு 0.31. வாழ்க்கையில் முதல் முறை டேப்பட் வைக்கிற பிள்ளை! அந்த இடத்திலேயே கேஜுக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

இவ்வளவு துல்லியம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டு வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. சூட்டில் தண்டு நீளும்போது இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு சீட்டில் முழுசாக உட்காராது. அப்புறம் விளிம்பு கருகிப்போகும். அதிகமாக விட்டால் சத்தம் போடும், வால்வு திறக்கும் உயரமும் குறையும். அதனால்தான் சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே போடாத டேப்பட்டைப் பார்த்து நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஸ்குரூவை நகராமல் பிடிக்கும் லாக் நட் விஷயத்தில் இந்தக் கேஜ் பெரிதாக உதவவில்லை, எந்தக் கேஜும் உதவாது. நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும். மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள், பத்தில் ஒரு சுற்று திரும்பினாலே 0.10 மி.மீ. போச்சு. ஸ்குரூ புஷ்ராட் பக்கம் இருந்தால் ராக்கரின் நெம்புகோல் கணக்கில் வால்வுப் பக்கம் அது இன்னும் பெரிதாகும். ஸ்குரூ டிரைவரை அசையாமல் பிடித்து ரிங் ஸ்பேனரால் இறுக்கி, அதற்குப் பிறகும் ஒரு முறை தகடு விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்று சொல்லலாம்: திரும்பப் பார்க்கும்போது "பிடிக்குதா, பிடிக்கலையா" என்று யோசிக்க வேண்டாம். முட்டுகிறதா இல்லையா, ஒரு நொடி.

ஆனால் முரட்டுத்தனமாகத் தள்ளினால் படியும் உள்ளே போய்விடும். புதிதாகக் கட்டிய என்ஜினில் புஷ்ராட்டின் இரு முனையிலும் டேப்பட் அடியிலும் கெட்டியான அசெம்ப்ளி கிரீஸ் இருக்கிறது. அந்தப் படலம் நசுங்கி வழி விடும். முதல் சுற்று வைத்து முடித்ததும், கிராங்கை நாலைந்து முறை முழுசாகச் சுற்றி மறுபடி பார்த்தேன். மூன்று வால்வில் நுனி முன்பைவிடத் தாராளமாகப் போயிற்று, ஒன்றில் படியும் நுழைந்தது. எல்லாம் அந்த கிரீஸ் விலகிய வேலைதான்.

இனி என் மானம் போன கதை. எட்டும் சரியாக வைத்தாயிற்று, என்ஜினும் முதல் திருப்பலில் பிடித்தது. புதுக் கேம் என்பதால் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட்டேன். பிறகு ஐடிலில் இறக்கினால், டக் டக் டக். ஐந்தாவது வால்வு. மறுநாள் ஆறிய பிறகு தகடு விட்டேன். நுனி போகிறது, படி முட்டுகிறது, கேஜ் பாஸ் போட்டுவிட்டது. சுற்றிவந்து மூன்று தடவை பார்த்தும் அதேதான். கடைசியில் டயல் கேஜை எடுத்து வைத்தால் 0.39!

ராக்கரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வால்வுத் தண்டு வந்து அடிக்கும் முகத்தில், தண்டின் அகலத்துக்குச் சின்னதாக ஒரு குழி. தகடு தண்டைவிட அகலம் என்பதால் குழியின் இரு கரையிலும் பாலம் போல உட்கார்ந்துகொள்கிறது, அடியில் இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது. தண்டுதான் குழிக்குள் போய் அடிக்கிறது. இந்தக் குறை பழைய ஒற்றைக் கனத் தகட்டுக்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், பழையதை நான் சந்தேகப்பட்டிருப்பேன். இது முட்டி நின்றதும் மனம் நிம்மதியாகிவிட்டது. தப்பு கேஜ் மேல் இல்லை. அந்த ராக்கர்கள் மூன்று வாரம் என் மேசையில் செய்தித்தாள் மேல் கிடந்தன. அன்றாடம் அவற்றைத் தாண்டித்தான் டீ எடுத்தேன், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டையும் கொடுத்து முகத்தைச் சாணை பிடித்து வாங்கிப் போட்டேன். சத்தம் போயிற்று.

யாருக்கு இது பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தகட்டின் நுனிக்கும் படிக்கும் நடுவே 0.05 மி.மீ. இருக்கிறது. உங்கள் கையேடு 0.20, கூட 0.02, குறைய 0.02 என்று சொல்கிறது என்றால், மொத்த இடமே 0.04தான். கேஜ் பாஸ் என்று சொன்னாலும் அளவு வெளியே நிற்கக்கூடும். அந்த மாதிரி என்ஜினுக்கு ஒற்றைக் கனத் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்று போக வேண்டும், அடுத்தது போகக் கூடாது என்று வைப்பதே மேல். அதே வேலைதான், நேரம் மட்டும் இரட்டிப்பு. ஸ்குரூவே இல்லாமல் பக்கெட் (கிண்ண வடிவ டேப்பட்) மேல் ஷிம் என்ற சின்ன வட்டத் தகடு போடும் என்ஜினுக்கு இது சுத்தமாக ஆகாது. அங்கே இப்போது இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று எண்ணாகத் தெரிய வேண்டும்: பழைய ஷிம்மின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம். போகும், போகாது என்ற பதிலை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, கையேடு சொன்னபடி ஹெட் நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி குறித்த அளவு முறுக்கு விசைக்கு (டார்க்) இறுக்கினேன். கேஸ்கெட் அமுங்கி ஹெட் துளி இறங்கும், இடைவெளி குறையும் என்று எதிர்பார்த்தேன், அப்படியே ஆயிற்று: ஐந்து வால்வில் நுனி போக மறுத்தது. மூன்றாவது சுற்று. இந்த முறை மகள் தகடு பிடித்தாள், நான் கிராங்க் திருப்பினேன். வால்வு கவரைத் திறந்ததிலிருந்து மூடும்வரை முக்கால் மணி நேரம். பழைய தகட்டில் எனக்கு ஒரு முழுக் காலை போகும் வேலை இது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பாதி மதிப்பெண் அந்தத் தளர்கிற திருகுக்குக் குறைத்தது, பாதி படிக்க முடியாத எண்களுக்கு. 0.28-0.33 தகட்டின் பின்பக்கம் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டாயிற்று. நகப்பூச்சு யாருடையது என்று வீட்டில் விசாரணை இன்னும் நடக்கிறது.