முதுகில் ஐந்து பூஜ்யங்கள்: ஒரு ஊதா டி-ஷர்ட்டைப் பற்றி

விலை 28 டாலர். முழுக்கை, முழுப் பருத்தி, கனமான துணி. நெஞ்சில் சிறிதாக ‘சுவானி 1899’ என்று போட்டிருக்கிறது; சுவானி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம், 1899 அதன் அமெரிக்கக் கால்பந்து அணி பேர் வாங்கிய ஆண்டு. சங்கதி முதுகில்தான் இருக்கிறது: ஐந்து வரி, ஐந்து எதிரணிகள், ஐந்துக்கும் பூஜ்யம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது வாங்கியது. ஒரு சனிக்கிழமை மருமகன் ஐ-24 நெடுஞ்சாலையில் தென்கிழக்கே கூட்டிப்போனார். மான்டீகிள் மலையேறி, இறங்காமல் அப்படியே மேட்டுநிலத்திலேயே போனால் மரங்களுக்கு நடுவே சுவானி வருகிறது. கல் கட்டடங்கள், தேவாலயம், கறுப்பு அங்கி அணிந்து வகுப்புக்குப் போகும் மாணவர்கள். முழுப் பெயர் ‘தெற்கின் பல்கலைக்கழகம்’. பெயர்தான் பெரியது, இரண்டாயிரம் பேர்கூடப் படிக்காத இடம். டி-ஷர்ட் வாங்கியது பல்கலைக்கழகத்தின் கடையில் அல்ல, திரும்பும் வழியில் ஒரு நினைவுப் பொருள் கடையில்.

முதுகில் உள்ளதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். எல்லாம் கல்லூரி, பல்கலைக்கழக அணிகளைச் சுவானி வென்ற ஆட்டங்கள்: 1899 நவம்பர் 9 அன்று ஆஸ்டினில் டெக்சஸ், 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஆட்டம் இல்லை. திங்கள் பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட், 34-0. செவ்வாய் மிசிசிப்பி, 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம். எதிரணிகள் ஐந்தும் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். குறுவட்டப் போட்டியில் ஒரே நாளில் மூன்று கபடி ஆட்டம் ஆட வேண்டி வந்தால், மூன்றாவதில் பையன்களுக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். இது அமெரிக்கக் கால்பந்து, அதுவும் அந்தக் காலத்து ஆட்டம். பந்தை முன்னால் எறிய அனுமதியே இல்லை. அது 1906இல்தான் வந்தது. கட்டிப்பிடித்து, முட்டி மோதி, மூன்று முயற்சியில் ஐந்து கஜம் நகர்ந்தாக வேண்டும். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர்தான். வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதுதான் டச் டவுன்; அதற்கு அப்போது ஐந்து புள்ளி, அதன் பின் பந்தை உதைத்துக் கோல் அடித்தால் ஒன்று. எனவே 12-0 என்றால் இரண்டு டச் டவுன், இரண்டு கோல். அணித்தலைவர் ஹென்றி சீபல்ஸ் டெக்சஸ் ஆட்டத்தில் தலை கிழிந்தும் வெளியேறவில்லை.

என்னைக் கேட்டால், இந்த டி-ஷர்ட்டில் இருக்க வேண்டிய பெயர் ஆட்டக்காரருடையது அல்ல, மேனேஜருடையது. லூக் லீ. அவரும் மாணவர்தான், வயது இருபது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு வசூலைப் பங்கிடுவதில் தகராறு வந்து அந்த ஆண்டு ஆட்டம் ரத்தாகிவிட்டது. கையில் காசில்லை. அதை ஈடுகட்டத்தான் இந்தப் பயணத்தையே அவர் ஏற்பாடு செய்தார். சுமார் இருபது ஆட்டக்காரர்களோடு சுமார் 2,500 மைல், எல்லாம் ரயிலில். ஊர் ஊராகத் தண்ணீர் மாறினால் வயிறு கெடும் என்று மலை ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாவட்டப் போட்டிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பிளாஸ்டிக் குடம் தண்ணீரைப் பேருந்தில் ஏற்றி, நடத்துநரிடம் திட்டு வாங்கியவன் நான்.

இன்னொன்று. ரயில் கிளம்பிய பிறகுதான் ஆட்டக்காரர்களின் காலணிகளை விட்டுவிட்டு வந்தது தெரிந்ததாம். லீ தந்தி கொடுத்துப் பின்னால் வரும் ரயிலில் வரவழைத்தார். ஒருமுறை கைப்பந்து வலையைப் பள்ளி வராந்தாவிலேயே விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் போனேன். அன்று யாருக்குத் தந்தி கொடுப்பது? பக்கத்துப் பள்ளி வலையில் ஆடித் தோற்றோம். இந்த லீ பிற்பாடு அமெரிக்க செனட் உறுப்பினரானார்; முதல் உலகப்போர் முடிந்ததும் நெதர்லாந்தில் தஞ்சமடைந்திருந்த ஜெர்மானியச் சக்கரவர்த்தியைத் தூக்கிவரப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பயண ஏற்பாட்டில் கைதேர்ந்தவர் எதற்கும் துணிவார் போலும்.

சரி, துணிக்கு வருகிறேன். தையல் நன்று, கழுத்துப்பட்டை இன்னும் தளரவில்லை. சாயம்தான் மோசம். முதல் துவைப்பில் என் வேட்டி ஒன்று வெளிர் ஊதாவாகிவிட்டது. “அப்பா, அதைத் தனியாக ஊறவையுங்கள்” என்று மகள் சொன்னது இரண்டாம் துவைப்பின்போது. சுருக்கமும் உண்டு: ‘லார்ஜ்’ வாங்கியது இப்போது வயிற்றைப் பிடிக்கிறது. ஒரு அளவு கூட்டியே வாங்குங்கள்.

பிழை இல்லாமலும் இல்லை. மிசிசிப்பி ஆட்டம் நடந்தது மெம்பிஸில். டி-ஷர்ட்டில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். முழுப் பயணத்தின் கடைசி ஊரையே தவறாகப் போட்டால் எப்படி?

ஆனால் என் பெரிய குறை வேறு. அந்த ஆண்டு சுவானி ஆடிய பன்னிரண்டு ஆட்டமும் வெற்றி. மொத்தம் 322 புள்ளி எடுத்து 10 மட்டுமே கொடுத்தார்கள். அந்தப் பத்தும் ஆபர்னுக்கு. அலபாமாவின் மான்ட்கமரியில் 11-10 என்று ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு ஐந்து பூஜ்யங்களைவிட இந்த 11-10 சுவையானது. டி-ஷர்ட்டில் அது இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததும் இல்லை. 1932இல் பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பு உருவானபோது சுவானியும் நிறுவன உறுப்பினர். பெரிய பல்கலைக்கழகங்களோடு அதில் 37 ஆட்டம் ஆடியது, 37இலும் தோற்றது. 1940இல் விலகிவிட்டது. அப்போது பல்கலைக்கழகத் தலைமையில் இருந்த அலெக்சாண்டர் கெர்ரி, ஆட்டத்துக்காக உதவித்தொகை கொடுத்து ஆள் பிடிக்கும் வழக்கத்தையே நிறுத்தினார். இன்றும் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில், உதவித்தொகை இல்லாமல்தான் ஆடுகிறார்கள். ஷர்லி மேஜர்ஸ் பயிற்சியளித்த காலத்தில், 1958இலும் 1963இலும், ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பருவங்களும் வந்தன.

ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். துவைத்த துணியை மாற்றித் தர முடியாது என்று கடைக்கார அம்மையார் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். மெம்பிஸ் பிழையைக் காட்டினேன், குறித்துக்கொண்டார். முப்பத்தேழு தோல்விகளையும் வரிசையாக அச்சிட்ட டி-ஷர்ட் உண்டா என்று கேட்டேன்.

“அதை யார் வாங்குவார்கள்?” என்று சிரித்தார்.

“நான்.”

“என்ன அளவு?”

எக்ஸ்எல் என்றேன்.