பேரல் கழற்றும் கருவிகள்: நெடுநாள் புழக்கத்தில் தேறியவை, தேறாதவை

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளின் (போல்ட் என்னும் அடைப்பைக் கையால் இயக்கும் துப்பாக்கி) பேரலை மாற்ற, பேரலைக் கவ்விப் பிடிக்கும் பேரல் வைஸ், பேரல் திருகியிருக்கும் ரிசீவரை (துப்பாக்கியின் நடு உடல்) திருப்பும் ஆக்‌ஷன் ரெஞ்ச், மூடிய போல்ட்டுக்கு முன்னே தோட்டாவுக்குக் கிடைக்கும் இடத்தைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் மூன்றும் வேண்டும். பணம் குறைவென்றால் முதலில் நல்ல வைஸை வாங்குங்கள். பேரல் வைஸுக்குள் வழுக்கினால் ரெஞ்ச் கைப்பிடி எத்தனை நீளமாக இருந்தும் பயனில்லை. பேரலைச் சுற்றி வளையமாகக் கீறல் விழுவதுதான் மிச்சம்.

இரண்டு இறுக்கும் போல்ட் கொண்ட வைஸ் புதுப் பேரல் பூட்டுவதற்குப் போதும். ஃபாக்டரியில் முறுக்கி ஏற்றியதைக் கழற்ற நான்கு போல்ட் உள்ளதே நிற்கிறது. அதையும் கனமான மேசையில் ஊடுருவப் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். மேசை ஆடினால் நாம் கொடுக்கும் அடியை மேசையே விழுங்கிவிடும். வைஸுக்கும் பேரலுக்கும் நடுவே வைக்கும் அலுமினிய புஷ்ஷிங் பேரலின் சரிவுக்கு ஏற்பக் கடைந்ததாக இருக்கட்டும். நேர்த்துளை புஷ்ஷிங் ஒரு முனையில் மட்டுமே பிடிக்கும். பேரலையும் புஷ்ஷிங்கையும் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, குங்கிலியப் பொடி தூவி, ரிசீவருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே பிடியுங்கள்.

ரெஞ்சில் இரண்டு வகை. பின்னாலிருந்து ரிசீவரின் போல்ட் பாதைக்குள் நுழைவது வேகமானது, ஸ்கோப் மவுன்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அடிக்கடி பேரல் மாற்றுபவருக்கு அதுவே வசதி. ஆனால் முதல் தடவை ஃபாக்டரி பேரலைக் கழற்ற, ரிசீவரின் முன் வளையத்தை வெளியிலிருந்து கவ்வும் ரெஞ்ச்தான் பாதுகாப்பு. ரெமிங்டன் 700 போன்ற உருண்டை ரிசீவருக்கான தாடை, அடிப்பக்கம் தட்டையான மௌசர் 98-க்குப் பொருந்தாது. தனித் தாடை வாங்கியே ஆக வேண்டும்.

அசையாத பேரலுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விடலாம். பிறகு குழாய் மாட்டித் தொங்குவதைவிட, கைப்பிடியில் சுத்தியலால் சுள்ளென்று ஒரு அடி நன்றாக வேலை செய்யும். ரிசீவரைப் பழுக்கக் காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய பேரல் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால், லேத்தில், பேரல் ரிசீவர் பக்கம் முட்டி நிற்கும் ஷோல்டருக்குச் சற்று முன்னே ஒரு பள்ளம் கடையுங்கள். இறுக்கம் விட்டுப்போய் லேசாகத் திரும்பிவிடும்.

ரெமிங்டன் 700-ல் சுடும்போது வரும் பின்னுதைப்பை ஸ்டாக்குக்கு (துப்பாக்கிக் கட்டை) கடத்தும் ரிகாயில் லக் தனித் தகடு. பேரலை இறுக்கும்போது அதுவும் கூடவே திரும்பும்; கோணலாக நின்றால் ஸ்டாக்கில் உட்காராது. லக்கை நேராகப் பிடிக்கும் ஜிக் சின்னச் செலவுதான்.

சாவேஜ் வகையில் பேரலை ரிசீவரோடு பூட்டும் பேரல் நட் உண்டு. ஒற்றைப் பல் ரெஞ்ச் நட்டின் பள்ளங்களைச் சிதைக்கிறது, பல பற்கள் உள்ளதை எடுங்கள். கோ கேஜை (இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஹெட்ஸ்பேஸைக் காட்டும் அளவுக்கட்டை) வைத்து போல்ட்டைப் பூட்டி, பேரல் கேஜைத் தொடும்வரை திருகி, பிறகு நட்டை இறுக்க வேண்டும். நட் இறுகும்போது பேரலையும் துளி இழுக்கும் என்பதால் மறுபடி அளக்காமல் விடக் கூடாது.

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு கோ கேஜ் 1.630 அங்குலம், மேல் வரம்பைக் காட்டும் நோ-கோ கேஜ் 1.634. இடைவெளி 0.004 அங்குலம் மட்டும் என்பதால் இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது. அளக்கும் முன் ஃபயரிங் பின்னையும், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரையும் போல்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் விரலை ஏமாற்றும். போல்ட் கைப்பிடியை இரண்டு விரலால் மட்டும் இறக்க வேண்டும். கோ கேஜ் இருக்கும்போது போல்ட் மூடி, நோ-கோ கேஜ் இருக்கும்போது மூடாமல் நின்றால் சரி. நோ-கோ கேஜிலும் முழுதாக மூடினால் அந்தப் பேரலைச் சரிசெய்யாமல் சுடக் கூடாது.