அட்மிஷன் இருக்கா மேடம்?

திருநெல்வேலியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். காலை ஏழே கால் மணி. அம்மா முந்தின ராத்திரி எட்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தாள். "எப்பட்டி ஒரு வாய் காப்பி குடிக்கலாம்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அமெரிக்கப் பழக்கதோஷத்தில் கவுன்டரில் போய் முதல் வேலையாக அம்மாவின் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். பையன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் அவன் கேட்டதுதான் தலைப்பு.

அட்மிஷன் இல்லை. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து விடியற்காலையில் கார் வைத்துக் கூட்டி வந்தோம். "அப்ப இது செல்லாது மேடம். ஜிபேயா, கேஷா?"

அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகளின் அஸ்திவாரமே படுக்கைதான். 24 மணி நேரம் படுத்தால் பணம். அதற்குக் கண்புரை, டயாலிசிஸ் மாதிரி சில விதிவிலக்குகள். படுக்கைக்கு முந்தின சில நாட்களில் எடுத்த டெஸ்ட்டுக்கும் பணம் உண்டு, ஆனால் அந்த நோய்க்காகவே எடுத்திருக்க வேண்டும். நோய் வருமுன் பார்க்கிற டெஸ்ட், பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு சலுகை போல ஒட்டிக்கொண்டிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் சிகிச்சைக்குத்தான்: குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அண்ணனுக்கு வருமான வரம்பு தாண்டிவிட்டதால் அதில் இடமில்லை.

நான் பதினாலு வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறேன். அங்கே கதை வேறு. 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தடுப்புச் சேவைகளை ஆராய அங்கே ஒரு நிபுணர் குழு இருக்கிறது. எந்த டெஸ்ட் யாருக்கு, எந்த வயதில், உண்மையிலேயே பலன் தருகிறது என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று மார்க் போடும். ஏ, பி வாங்கியதையெல்லாம் காப்பீட்டு நிறுவனம் நம்மிடம் ஒரு டாலர்கூட வாங்காமல் கொடுத்தாக வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் போனால் போதும். 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரே. 45 முதல் 75 வரை பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை. எடை கூடியவர்களுக்கு 35 வயதிலிருந்து சர்க்கரை. மன அழுத்தம் இருக்கிறதா என்ற கேள்வித்தாள், புகையை விட ஆலோசனை, குடியைக் குறைக்க ஆலோசனை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தப் பிரிவையே செல்லாது என்று வாதாடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் 6க்கு 3 என்ற கணக்கில் பட்டியல் பிழைத்தது.

எனக்கு இப்போது 47. போன வருடம் பெருங்குடல் பரிசோதனைக்கென்று வீட்டுக்கு ஒரு டப்பா தபாலில் வந்தது. மலத்தில் ஒரு துளி எடுத்துக் குச்சியில் தடவி, கவரில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லி. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அதையா தபால்ல போட்ட? போஸ்ட்மேன் என்ன பாவம் பண்ணான்?" என்றாள். அதில் ஏதாவது தெரிந்தால் அடுத்துச் செய்கிற, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியும் இலவசம்தான். அதற்கு மட்டும் பணம் கேட்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2022இல் விதியைத் திருத்தினார்கள்.

இலவசம் என்றதும் பொறாமைப்பட வேண்டாம். வருடாந்திரச் செக்கப்புக்குப் போன இடத்தில், கிளம்புகிற நேரம் பார்த்து, "முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது" என்று வாயை விட்டேன். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், ஒரு மாத்திரை சொன்னார். மூன்று வாரம் கழித்து 45 டாலருக்கு பில். தடுப்புப் பரிசோதனை ஒரு விசிட், முழங்கால் இன்னொரு விசிட். நாற்காலி ஒன்று, நேரம் ஒன்று, பில் இரண்டு. அங்கே நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்வரை இலவசம். இங்கே படுத்தால்தான் இலவசம்.

சரி, நெல்லைக்கு வருவோம். அண்ணன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். "72 டெஸ்ட், 1,999 ரூபாய் மட்டுமே". மதினிக்குச் சந்தோஷம், புடவைக்கடைத் தள்ளுபடி போல. நான் பட்டியலை வாங்கி எண்ணினேன். ரத்த அணுக்கள் எண்ணுகிற ஒரே டெஸ்ட்டில் வரும் இருபது சொச்சம் எண்களையும் தனித்தனி டெஸ்ட்டாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். கொலஸ்ட்ரால் ஒன்று எட்டாகியிருந்தது. குழாயில் எடுக்கப்போகிற ரத்தம் என்னவோ மூன்று குழாய்தான்.

நாங்கள் போன கூடத்தில் பேக்கேஜுக்குப் பேர்கூட நகைக்கடைப் பேர்: சில்வர், கோல்டு, பிளாட்டினம். அம்மாவுக்கு கோல்டு, 3,800. மதினிக்கு மேமோகிராமோடு சேர்த்து 4,600. பிளாட்டினத்தில் கூடுதலாக சிஏ 125 என்ற ரத்த டெஸ்ட், ட்ரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் இசிஜி, வைட்டமின் டி. "கேன்சர் மார்க்கர் எல்லாம் வரும் மேடம், மனசுக்கு நிம்மதி" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்குக் கருப்பைப் பக்கச் சூலகப் புற்றுநோயைத் தேடி இந்த சிஏ 125 எடுப்பதற்கு அமெரிக்கக் குழு போட்ட மார்க் டி. அதாவது, செய்யாதே. ஆபத்து குறைந்தவர்களுக்கு ஓட்டிப் பார்க்கும் இசிஜிக்கும் அதே டி. வைட்டமின் டி டெஸ்ட்டுக்கு, பலன் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை. சிஏ 125 எண் கொஞ்சம் ஏறியிருந்தால் ஸ்கேன், ஸ்கேனில் ஏதோ நிழல், அப்புறம் ஆபரேஷன் என்று இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் கவுன்டரில் விளக்கினால் பின்னால் நிற்கிறவர்கள் அடிப்பார்கள். "கோல்டு போதும்மா" என்று முடித்துக்கொண்டேன்.

சேவையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்குள் ரத்தம் எடுத்துவிட்டார்கள். கையில் ஒரு கூப்பன்: இரண்டு இட்லி, ஒரு வடை, கொஞ்சம் பொங்கல், காப்பி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வந்த இடத்தில் அந்தக் காப்பியில் போட்டிருந்த சர்க்கரையை என்னவென்று சொல்ல. அம்மா மட்டும், "காப்பி நல்லாருக்கு" என்றாள். வயிற்று ஸ்கேன், எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் பதினொன்றரைக்குள் முடிந்தது. நியூஜெர்சியில் இதே வரிசைக்கு மூன்று மாதத்தில் நான்கு நாள் லீவு போட்டிருப்பேன்.

சாயங்காலம் டாக்டர். பளபளவென்று ஒரு ஃபைல், உள்ளே பதினேழு பக்கம். அவர் சிவப்பு மையில் வந்த எண்களுக்கு மட்டும் வட்டம் போட்டார். "சுகர் கொஞ்சம் பார்டர் தாண்டி இருக்கு. அரிசியைக் குறைங்க. பிபி மாத்திரை அதே. அடுத்த வருஷம் வாங்க." கடிகாரம் பார்த்தேன், நாலு நிமிடம். அம்மா வாயில் வெற்றிலைக் காவி. டாக்டர் அதைக் கேட்கவில்லை. அம்மாவும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை. "வா தாயி" என்று அம்மா எழுந்து பாயை உதறிப் போட்டாள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன திட்டம், 2024இல் ஐ.நா. விருதுகூட வாங்கியது. நான் செய்தியில்தான் படித்திருந்தேன். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுக்கிறார்களாம். சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான்.

"ஆச்சி, கையை நீட்டுங்க." பட்டையைச் சுற்றி பிபி பார்த்தாள், நோட்டில் எழுதினாள். விரலில் குத்தி சுகர். மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்லி எண்ணினாள். ஆறு மாத்திரை மிச்சம் இருந்தது. "இது இருக்கப்படாதே ஆச்சி, எந்த நாளு போடல?" அம்மா திருதிருவென்று விழித்தாள். வெள்ளிக்கிழமை விரதமாம்; வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம் என்று தானாகவே முடிவு பண்ணியிருக்கிறாள். பதினேழு பக்கத்தில் இது இல்லை.

அப்புறம் அவள் கேட்டாள்: "போன மாசம் பாத்ரூம்ல வழுக்குச்சே, மறுபடி விழுந்தீங்களா?" அம்மா விழுந்ததே எனக்கோ அண்ணனுக்கோ தெரியாது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அது சும்மா உக்காந்த மாதிரிதான்" என்றாள். அந்தப் பெண் எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கிக் காட்டினாள். பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்ததாம். விழக்கூடிய அபாயமுள்ள, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி என்பது அமெரிக்கப் பட்டியலிலும் இருக்கிறது, பி மார்க் வாங்கியிருக்கிறது. ஆனால் அங்கே என்னுடைய வயதான பக்கத்து வீட்டுக்காரிக்கு அதை யாரும் நிலையைப் பிடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

போகும்போது, "வாய் பாத்தாச்சா ஆச்சி? ஆரம்ப சுகாதார நிலையத்துல வியாழக்கிழமை வாங்க. அக்கா நீங்களும் வாங்க" என்று மதினியையும் இழுத்தாள். 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். வாய்ப் பரிசோதனை அமெரிக்கப் பட்டியலில் இலவச மார்க் வாங்காத ஒன்று. அங்கே புகையிலை மெல்லுகிறவர்கள் குறைவு. இங்கே அப்படியா?

வியாழக்கிழமை போனோம். இரண்டு மணி நேரம் பெஞ்சில். மின்விசிறி ஒன்று சுற்றவில்லை. ஆதார் எண், போன் எண், மறுபடி ஆதார் எண். ஆனால் நர்ஸ் அம்மாவை வெளிச்சத்துக்கு நேராக உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தை இழுத்துப் பார்த்தார். இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. "இந்தப் பக்கம்தானே ஒதுக்குவீங்க?" அம்மா தலையாட்டினாள். பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கணும், புகையிலையை இன்றோடு விடணும் என்றார். புகையிலைப் பொட்டலங்களில் 1800-11-2356 என்று ஒரு இலவச எண் அச்சடித்திருப்பார்கள், விட நினைப்பவர்கள் பேசலாம். அம்மா வாங்குவது உதிரி, பொட்டலமே கிடையாது.

மதினிக்கு வினிகர் தடவிப் பார்க்கிற கருப்பை வாய்ப் பரிசோதனை. பத்து நிமிடத்தில் முடிவு, காசு கிடையாது. "இதுக்கு இத்தனை வருஷம் பயந்தேனே" என்றாள் ஆட்டோவில். 48 வயதில் முதல் தடவை. மேமோகிராம்தான் அங்கே கிடையாது, சந்தேகம் இருந்தால் நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த ஒன்றுக்காகத்தான் நாங்கள் தனியாரிடம் கொடுத்த காசு வீணில்லை என்று சொல்வேன்.

இனி பணக்கதை. அம்மாவின் பாலிசிப் புத்தகத்தை ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். க்ளெய்ம் இல்லாத வருடத்துக்கு ஒரு முறை, பரிசோதனைச் செலவில் 1,000 ரூபாய் வரை திருப்பித் தருவார்களாம். அண்ணன் ஆறு வருடமாகப் பிரீமியம் கட்டுகிறான், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "எனக்கு யாரு சொன்னா?" என்றான். வருமான வரியில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 வரை கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. பழைய வரிமுறையில் இருக்க வேண்டும், இவன் புதியதுக்கு மாறிவிட்டான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி போய்விட்டதால் பிரீமியம் குறைந்ததில் அவனுக்கு ஒரு திருப்தி.

க்ளெய்ம் போட்டோம். அசல் பில் கேட்டார்கள், அனுப்பினோம். டாக்டர் சீட்டு கேட்டார்கள். செக்கப்புக்கு ஏது டாக்டர் சீட்டு? மூன்று தடவை போன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து அம்மா பிறந்த தேதி. நான் விமானம் ஏறும்வரை "பரிசீலனையில்".

போன வாரம்தான் 1,000 ரூபாய் வந்ததாம். அண்ணன் அம்மா கையில் கொடுத்திருக்கிறான். "எனக்கு எதுக்கு? வீட்டுக்கு வந்து பிபி பாக்குற அந்தப் பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்க" என்றாளாம். மதினி அம்பாசமுத்திரத்தில் எடுத்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள், பொன்வண்டு நிறம். "புகையிலை?" என்று கேட்டேன். "பாதியாக் குறைச்சிருக்காங்க. நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது மட்டும் போடறதில்லையாம்" என்று பதில் வந்தது.